இல்லாமல் போவதும் பயம், முடியாமல் இருப்பதும் பயம்

கேட்டவர் கேட்டது இதுதான்: "செத்த பிறகு ஒன்றுமே இல்லை என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. சரி, சொர்க்கமோ வேறெதுவோ இருக்கிறது, அங்கே முடிவே இல்லாமல் இருந்துகொண்டே இருப்போம் என்று நினைத்தாலும் அதே கலக்கம். மறுமைக்கு ஆதாரம் ஏதாவது உண்டா? நித்தியம் என்று எதைத்தான் சொல்கிறார்கள்?"

சாவு என்றால் பயம் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். சாகாமல் என்றென்றைக்கும் இருப்பதும் பயம்தான் என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் சொர்க்கத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர் ராத்திரி படுத்துக்கொண்டு, 'அப்புறம்? அதுக்கும் அப்புறம்?' என்று யோசித்து நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். என் கணிப்பில் இந்த இரண்டு பயமும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன். ஆதாரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், முதலில் அது.

மரணம் ஒரே நொடியில் நடந்து முடிகிற காரியம் அல்ல. இதயம் நின்றால் பத்து இருபது விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். கொஞ்ச நேரத்தில் மூளையின் மின்னலைகள் படுத்துவிடும். ஆனால் உயிரணுக்கள் அவ்வளவு சீக்கிரம் அடங்குவதில்லை. 2019-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. இறைச்சிக்காக வெட்டப்பட்ட பன்றிகளின் மூளைகளை, உயிர் போய் நான்கு மணி நேரம் கழித்து எடுத்துவந்து, ரத்தத்துக்குப் பதிலாகச் செய்த ஒரு திரவத்தை ஆறு மணி நேரம் அவற்றுக்குள் ஓடவிட்டார்கள். நுண்ணிய ரத்தக் குழாய்கள் மருந்துக்கு அசைந்து கொடுத்தன. உயிரணுக்கள் பிராணவாயுவையும் சர்க்கரையையும் எடுத்துக்கொண்டன. ஆனால் மூளை முழுவதும் சேர்ந்து இயங்குவதைக் காட்டும் மின்னலை எதுவும் எழவில்லை. எழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே நரம்பணுக்களின் வேலையைத் தடுக்கும் மருந்தைத் திரவத்தில் முன்கூட்டியே கலந்திருந்தார்கள். அதையும் மீறி ஏதாவது தென்பட்டால் மயக்க மருந்து கொடுத்து நிறுத்தவும் தயாராக இருந்தார்கள். வெட்டி நான்கு மணி நேரம் ஆன பன்றியின் தலைக்குள் ஒருவேளை யாராவது விழித்துக்கொண்டால் என்ன செய்வது என்று விஞ்ஞானிகள் ஏற்பாடு செய்துவைக்க வேண்டிய காலத்தில் இருக்கிறோம். இறந்தவர், இறக்காதவர் என்று நாம் கிழிக்கும் கோடு மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் தேவைப்பட்டதால் கிழித்தது. மூளைச் சாவு என்ற அளவுகோலை ஹார்வர்டு குழு ஒன்று முன்வைத்ததே 1968-இல்தான். செயற்கைச் சுவாசக் கருவி வந்து, இதயம் துடித்துக்கொண்டே ஆள் போய்விடும் நிலைமையும் வந்த பிறகுதான் அந்தத் தேவை எழுந்தது.

அடுத்து, மரணத்தின் விளிம்புக்குப் போய்த் திரும்பியவர்கள் சொல்வது. வெளிச்சம், சுரங்கம் போன்ற பாதை, இறந்த உறவினர்கள், மேலிருந்து தன் உடலைத் தானே பார்ப்பது. கதை விடுகிறார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2001-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், நெதர்லாந்தின் பத்து மருத்துவமனைகளில் இதயம் நின்று பிழைத்த 344 பேரிடம் விசாரித்தார்கள். 62 பேர் இப்படி ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் நினைவில்லை.

உடலை விட்டு மேலே மிதந்தோம் என்கிறார்களே, அதைச் சோதிக்க 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வில் ஒரு நல்ல யோசனை செய்திருந்தார்கள். மருத்துவமனை அறைகளில் கூரையை ஒட்டிச் சின்ன அலமாரிகள் பொருத்தி, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி படங்களை வைத்தார்கள். உண்மையில் மேலே மிதந்தவர் படத்தில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுவார் அல்லவா? இதயம் நின்ற நிகழ்வுகள் மொத்தம் 2,060. பிழைத்துப் பேட்டி கொடுக்கும் நிலையில் இருந்தவர்கள் 140 பேர். சுற்றி நடந்ததைப் பார்த்தேன், கேட்டேன் என்று தெளிவாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் இதயம் நின்றது அலமாரி இல்லாத அறையில்! அவர்களில் ஒருவர் அறையில் நடந்ததைப் பெருமளவு சரியாகச் சொன்னார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த அறையில் அலமாரி இல்லாததால், அவர் மேலிருந்துதான் பார்த்தாரா என்று சோதிக்க வழியில்லை.

2013-இல் எலிகளை வைத்து நடந்த ஆய்வில், இதயம் நின்ற முப்பது விநாடிக்குள் மூளையில் ஒழுங்கான, வேகமான மின்னலைகள் திடீரென்று பொங்கி எழுந்தன. 2023-இல் செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்ட நான்கு நோயாளிகளின் பதிவுகளை அலசியபோது இரண்டு பேரிடம் அதைப் போன்ற எழுச்சி தெரிந்தது. ஆகவே அந்த அனுபவங்கள் அணையப்போகும் மூளையின் கடைசி வேலையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த இரண்டு பேரும் எழுந்து வந்து தாங்கள் கண்டதைச் சொல்லவில்லை.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரே சிக்கல்தான். திரும்பி வந்தவர்கள் சாகவில்லை. அவர்கள் சொல்வது சாகிற அனுபவம், செத்த பிறகான அனுபவம் இல்லை. மேலும், அந்த நினைவு எப்போது பதிந்தது என்று அதன் மேல் நேரம் குறித்திருக்காது. மூளை அடங்கும்போது பதிந்திருக்கலாம், மறுபடி விழிக்கும்போதும் பதிந்திருக்கலாம்.

முற்பிறவி நினைவு என்று சொல்லும் குழந்தைகள் பற்றியும் ஆய்வுகள் உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இயன் ஸ்டீவன்சன் பல பத்தாண்டுகள் பொறுமையாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைச் சேர்த்தார். பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் குழந்தை பேச ஆரம்பிக்கும், பள்ளி வயதில் மறந்துவிடும். பல இடங்களில் ஆய்வாளர் போய்ச் சேர்வதற்கு முன்பே இரண்டு குடும்பங்களும் சந்தித்துப் பேசி முடித்திருப்பார்கள். யாருக்கு யார் எதைச் சொன்னார்கள் என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. 1966-இல் அவர் போட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே, மறுபிறவியை இவை 'சுட்டுவதாகத் தோன்றுகிறது' என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய பெயரைச் சொல்லிப் பின்னால் வந்த காணொளிகளுக்கு அந்த அடக்கம் கிடையாது. உயிரின் எடை 21 கிராம் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அது டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர் சாகும் தறுவாயில் இருந்த ஆறு பேரைத் தராசில் கிடத்திப் பார்த்து 1907-இல் வெளியிட்டதில் ஒரே ஒருவருக்கு வந்த கணக்கு. அதை அப்படியே விட்டுவிடலாம்.

எதிர்ப்பக்க ஆதாரம் இதையெல்லாம்விடக் கனமானது, தினமும் கண்முன் நடப்பது. மயக்க மருந்து கொடுத்தால் ஆள் இல்லை. மறதிநோய் முற்றினால் பெற்ற பிள்ளையின் முகம் தெரிவதில்லை. மூளையின் இன்ன இடத்தில் அடிபட்டால் சுபாவமே மாறிவிடுகிறது. இவ்வளவும் மூளையை நம்பி இருக்கும்போது, மூளையே போன பிறகு எது மிஞ்சும்? இதற்கு வந்த பதில்களில் நான் மதிப்பது அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1898-இல் அச்சில் வந்த ஒரு சொற்பொழிவில் கொடுத்தது. மூளை மனதை உண்டாக்குகிறது என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும், முப்பட்டைக் கண்ணாடி வெளிச்சத்தைத் தன் வழியே விடுவதுபோல மூளை மனதைத் தன் வழியே கடத்துகிறது என்றும் வைத்துக்கொள்ளலாமே என்றார். கண்ணாடி உடைந்தால் வெளிச்சம் செத்துவிடாது. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் இதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்று பாருங்கள். நினைவும் சுபாவமும் மூளைக் காயத்தோடு போய்விடுகின்றன என்றால் அவை கண்ணாடியைச் சேர்ந்தவை. அந்தப் பக்கம் மிஞ்சுகிற வெளிச்சத்துக்கு உங்கள் பெயர் தெரியாது, உங்கள் அம்மாவின் குரல் தெரியாது. அது என்றென்றைக்கும் இருந்தால் அதில் உங்களுக்கு என்ன லாபம்?

ஆக, நீங்களும் நானும் கவலைப்படுகிற அந்த 'நான்', நினைவுகளோடு, பாசங்களோடு, கோபங்களோடு மரணத்தைத் தாண்டிப் போகிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. அப்படிப் போகவே முடியாது என்று நிரூபிக்கவும் வழியில்லை. நம்பிக்கை உள்ளவர் தன் நம்பிக்கையை ஆய்வுக்கூடத்தின் மேல் கட்ட வேண்டிய அவசியமும் கிடையாது. பெரிய மதங்கள் எதுவும் அப்படிக் கட்டியதில்லை.

இப்போது பயத்துக்கு வரலாம். 'ஒன்றுமே இல்லை' என்று நினைக்கும்போது மனதில் என்ன படம் ஓடுகிறது என்று கவனித்துப் பாருங்கள். கும்மிருட்டு. சத்தமே இல்லை. அசைய முடியவில்லை, யாரையும் கூப்பிட முடியவில்லை. இந்தப் படத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், இருட்டைப் பார்த்துக்கொண்டு! அவர்தான் தவிக்கிறார். இல்லாமல் போவதைக் கற்பனை செய்யத் தொடங்கி, தனியாக அடைபட்டுக் கிடப்பதைக் கற்பனை செய்து முடிக்கிறோம். இதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியக் கவிஞர் லூக்ரீஷியஸ் பிடித்துவிட்டார். செத்த பிறகு தன் உடலைக் காட்டு விலங்குகள் கிழிக்குமே என்று ஒருவன் கலங்குகிறான். அவனைப் பார்த்து அவர் கேட்பது ஏறக்குறைய இது: விலங்கின் வாயில் போவது கொடுமை என்றால், சிதையில் வேகுவது மட்டும் என்ன சுகம்? மண் அழுத்த நசுங்கிக் கிடப்பது என்ன சுகம்? அவன் தன்னைத்தானே பிணத்திலிருந்து பிரித்துக்கொள்ளவில்லை, பக்கத்தில் நின்று அழ இன்னொரு தன்னை வைத்திருக்கிறான் என்கிறார்.

அவருக்கு ஆசான் கிரேக்கத்து எபிக்யூரஸ். நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்தபோது நாம் இல்லை என்பது அவர் வாதம். நாம் பிறப்பதற்கு முன் கோடிக்கணக்கான ஆண்டுகள் போயின, அதில் ஒரு நாளாவது நமக்குக் கஷ்டமாக இருந்ததா என்ற கேள்வியையும் இந்தப் பள்ளியினர் சேர்த்துக்கொண்டார்கள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்று இன்று கணக்கிடுகிறோம். அவ்வளவு காலமும் நீங்கள் இல்லை. புகார் எதுவும் வரவில்லை.

இந்த வாதம் பாதி வேலையைத்தான் செய்கிறது என்பது என் அபிப்பிராயம். இல்லாமல் இருப்பது ஒரு வேதனை என்ற பயத்தை இது துடைத்துப் போட்டுவிடும். ஆனால் இழப்பு அப்படியே நிற்கும். 1970-இல் தாமஸ் நேகல் என்ற தத்துவவாதி இதைச் சரியாகச் சொன்னார்: ஒன்று கெட்டதாக இருப்பதற்கு அது நமக்கு வலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிடைத்திருக்கக்கூடிய நாட்கள் கிடைக்காமல் போவதே கெட்டதுதான். முப்பது வயதில் போனவரைப் பற்றிப் 'பாவம், வாழ வேண்டிய வயசு' என்கிறோமே, அதில் தர்க்கப் பிழை எதுவும் கிடையாது. பயத்தையும் வருத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். பயத்துக்கு அடிப்படை இல்லை, வருத்தத்துக்கு இருக்கிறது.

மதங்கள் என்ன வாக்குக் கொடுத்தன என்று தேடிப் போனால் ஆச்சரியமாக இருக்கும். 'இதே நான், இப்படியே, என்றென்றைக்கும்' என்ற வாக்கு நாம் நினைப்பதைவிட அபூர்வம். கிரேக்கக் கவி ஹோமரின் கதையில், செத்துப் பாதாளத்தில் இருக்கும் மாவீரன் அகிலீஸ், செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிடப் பூமியில் நிலமில்லாத ஏழையிடம் கூலிக்கு வேலை செய்வது மேல் என்கிறான். யூதர்களின் பழைய நூல்களில் வரும் ஷியோல் நல்லவரும் கெட்டவரும் ஒன்றுபோலப் போய்ச் சேரும் மங்கலான இடம். இறந்தவர்கள் எழுவார்கள் என்ற பேச்சு வெளிப்படையாக வருவது காலத்தால் பிந்திய தானியேல் நூலில்தான். எகிப்தில் இறந்தவரின் இதயத்தை ஓர் இறகுக்கு எதிரே தராசில் வைப்பார்கள். கனத்தால் அங்கேயே ஒரு மிருகம் காத்திருக்கும், விழுங்கிவிடும், அத்தோடு ஆள் முடிந்தது. கிறித்தவமும் இஸ்லாமும் அடிப்படையில் பேசுவது உடலோடு எழுப்பப்படுவதைப் பற்றி. உடலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பறந்து போகும் ஆன்மா என்ற படம் அவற்றுக்குள் கலந்ததில் கிரேக்கத் தத்துவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தியச் சிந்தனைகளில் சொர்க்கம் நித்தியமே இல்லை. புண்ணியம் தீர்ந்தால் மறுபடி மண்ணுக்குத்தான் என்று கீதை ஒன்பதாம் அத்தியாயத்தில் நேராகவே சொல்கிறது. இந்திரன் என்பது ஒரு பதவி, ஆள் மாறிக்கொண்டே இருக்கும். பௌத்தத்திலும் சமணத்திலும் தேவர்களுக்கும் ஆயுள் உண்டு, சாவு உண்டு. சாவுக்குப் பின் இன்னொரு வாழ்க்கை என்பது இங்கே பரிசாக நினைக்கப்படவில்லை, தலைவலியாக நினைக்கப்பட்டது. அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதுதான் இவர்களுடைய கேள்வி. கட உபநிடதத்தில் நசிகேதன் என்ற சிறுவன் எமனிடமே போய், செத்த பிறகு மனிதன் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிறான். தேவர்களுக்கே இதில் சந்தேகம், வேறு ஏதாவது கேள் என்கிறான் எமன். அதற்குப் பதிலாக அவன் தருவதாகச் சொல்வது, நூறு வயது வாழும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், யானை, குதிரை, தங்கம், வேண்டிய அளவு ஆயுள். பையன் மசியவில்லை. முழு ஆயுளும் கொஞ்சம்தான், உன் குதிரைகளை நீயே வைத்துக்கொள் என்கிறான். எவ்வளவு நீட்டினாலும் அது நித்தியம் ஆகாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

புத்தரின் பதில் இன்னும் கறார். விடுதலை பெற்றவர் செத்த பிறகு எங்கே போகிறார் என்று வச்சகோத்தர் என்ற துறவி அவரைத் துளைத்தெடுக்கிறார். எதிரே எரிகிற நெருப்பு அணைந்துவிட்டால் அது கிழக்கே போனதா மேற்கே போனதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர் என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்வியே பொருந்தாது என்கிறார் வச்சகோத்தர். 'போகிறவர்' என்று ஒருவரை வைத்துக்கொண்டால்தானே 'எங்கே' என்று கேட்க முடியும்? லூக்ரீஷியஸ் பிணத்துக்குப் பக்கத்தில் பிடித்த அதே ஆளைத்தான் புத்தர் வேறு வழியாக வந்து பிடிக்கிறார். இருவருக்கும் மற்ற எதிலும் ஒத்துப்போகாது என்பது வேறு விஷயம்.

சரி, நித்தியம். இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு சமாச்சாரங்கள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, காலம் முடியாமல் ஓடிக்கொண்டே இருப்பது. நாளை, நாளை மறுநாள், ஆயிரம் கோடி ஆண்டு, அதற்கும் பிறகு. உங்களை ராத்திரியில் எழுப்புவது இதுதான். இதில் 'நான்' எப்படி இருப்பேன் என்று நடைமுறையாக யோசித்துப் பார்க்கலாம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். மிகப் பெரிய எண்தான், ஆனாலும் எல்லை உள்ள எண். எல்லை உள்ள இடத்தில் எல்லையில்லாத நினைவுகள் அடங்காது. எனவே முடிவில்லாமல் வாழ்கிறவர் மறந்துகொண்டே வர வேண்டும், இல்லையென்றால் நடந்ததே திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். மறந்துகொண்டே வந்தால், பத்து லட்சம் ஆண்டு கழித்து இருப்பவருக்கு இன்றைய உங்களைத் தெரியாது. நீங்கள் எப்போதோ, சத்தமில்லாமல், சாவு என்ற பெயர்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நினைவுக்கு எல்லையே இல்லாதபடி மனதை மாற்றிவிடலாம் என்றால், அது மனித மனம் இல்லை. அதற்கு அலுப்பு உண்டா, காத்திருப்பு உண்டா என்று நம்மால் ஊகிக்கக்கூட முடியாது. பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி 1973-இல், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து எல்லாவற்றிலும் சலித்துப்போன ஒரு நாடகப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, முடிவில்லாத வாழ்க்கை கட்டாயம் அலுத்துப்போகும் என்று வாதாடினார். கட்டாயம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் மறதி இருந்தால் பிடித்த பாட்டு ஆயிரமாவது தடவையும் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மறதிதான் ஆளையும் சேர்த்துக் கொண்டுபோகிறது.

காரைக்கால் அம்மையார் சிவனிடம் கேட்டதாகச் சேக்கிழார் பாடுவதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலில் 'இறவாத இன்ப அன்பு' வேண்டுகிறார். பிறகு 'பிறவாமை வேண்டும்' என்கிறார். அப்படியே பிறந்தாலும் 'உன்னை என்றும் மறவாமை வேண்டும்' என்கிறார். நீ ஆடும்போது உன் அடியின் கீழ் இருக்க வேண்டும் என்கிறார். நீண்ட ஆயுள் பட்டியலில் இல்லை. காலம் எவ்வளவு கிடைக்கும் என்பதைவிட நினைவு நிற்குமா என்பதுதான் சிக்கல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நினைவு நிற்க வேண்டியதும் தன்னைப் பற்றி இல்லை.

உங்கள் இரண்டாவது பயம் எங்கே பிறக்கிறது என்று இப்போது தெரியும். முடிவில்லாத காலத்தைக் கற்பனை செய்யும்போது அதற்குள் யாரை உட்கார வைக்கிறீர்கள்? இன்றைய உங்களை. இதே பொறுமை, இதே சலிப்பு, 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று கேட்கும் இதே மனம். வெறும் இருட்டைப் பார்க்க உட்கார வைத்தீர்களே, அதே ஆள்தான். ஒரு படத்தில் அவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, இன்னொன்றில் அவரை விடுவதே இல்லை. இரண்டு படத்திலும் அவர் இருக்க முடியாத இடத்தில் இருக்கிறார்.

நித்தியத்தின் இரண்டாவது அர்த்தத்தில் நீளமே கிடையாது. கி.பி. 524-ஐ ஒட்டி, மரண தண்டனைக்காகச் சிறையில் காத்திருந்த ரோமானியத் தத்துவவாதி போயதியஸ், எல்லையற்ற வாழ்வை முழுதாகவும் ஒரே சமயத்திலும் கொண்டிருப்பதே நித்தியம் என்று எழுதினார். நேற்று என்று கழிந்ததும் நாளை என்று வரவேண்டியதும் அதில் இல்லை. கடவுளுக்கு மட்டும் உரியது அது என்பது அவர் கருத்து. உலகம் தொடக்கமோ முடிவோ இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தாலும் அதை நித்தியம் என்று சொல்ல மாட்டேன், வெறும் நீடிப்பு என்பேன் என்று பிரித்தும் காட்டினார். இதைக் கற்பனை செய்ய முயன்றால் மனம் தடுக்கி விழும். ஆனால் பயம் வராது, ஏனென்றால் காத்திருக்க அதில் இடமே இல்லை.

இயற்பியலில் இதற்குத் தூரத்து உறவு ஒன்று உண்டு. சார்பியல் கோட்பாட்டின்படி, 'இப்போது' என்பது எல்லோருக்கும் பொதுவான ஒரு கணம் அல்ல. ஆகவே கடந்தது, நடப்பது, வருவது எல்லாமே ஒரே அளவுக்கு உண்மை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். 1955 மார்ச்சில் ஐன்ஸ்டைனின் வாழ்நாள் நண்பர் மிஷேல் பெஸ்ஸோ இறந்தார். நண்பரின் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், இயற்பியலை நம்புகிற நம்மைப் போன்றவர்களுக்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவு விடாப்பிடியான ஒரு மாயைதான் என்று ஐன்ஸ்டைன் குறிப்பிட்டார். அடுத்த மாதம் 18-ஆம் தேதி அவரும் போய்விட்டார். இதை மறுமைக்கு ஆதாரம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். இதில் பெஸ்ஸோ எங்கேயும் தொடர்ந்து வாழவில்லை. அவர் வாழ்ந்தது நடக்காததாக ஆகிவிடாது என்ற அளவுக்குத்தான் இதில் ஆறுதல். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. உங்களுக்குப் போதாது என்றால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

நடு ராத்திரி பயத்துக்கு நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். படத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள். பிடித்தாலே பாதி இறங்கிவிடும். தூக்கம் கெடும் அளவுக்கு இது தினமும் வந்தால், அது தத்துவம் பேசித் தீரும் விஷயம் இல்லை. பதற்றத்துக்குப் பார்க்கும் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போய்ப் பேசுவது நல்லது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகிவிடும். இவ்வளவு வாதமும் அவரவர் சாவைப் பற்றியது. நமக்கு வேண்டியவர் போகும்போது இதில் எதுவும் உதவாது, ஏனென்றால் அங்கே பார்த்துக்கொண்டு நிற்கும் ஆள் கற்பனை இல்லை. நாம்தான். அவர் இல்லாத வீடும் உண்மை. 'அவருக்கு வலி இல்லை' என்பதை ஏற்றுக்கொண்டாலும் நம் வலி குறைவதில்லை.

எபிக்யூரஸுக்கே இது தெரியும் என்று நினைக்கிறேன். கி.மு. 270-இல், எழுபத்திரண்டாம் வயதில், சிறுநீர் அடைத்துக்கொண்டு இரண்டு வாரம் அவதிப்பட்டு இறந்தார். கடைசியில் வெண்கலத் தொட்டியில் வெந்நீரில் இறங்கி, தண்ணீர் கலக்காத ஒயின் கேட்டு வாங்கிக் குடித்தாராம். வலி உச்சத்தில் இருக்கிறது, ஆனாலும் நாம் முன்பு பேசியதையெல்லாம் நினைத்தால் மனம் நிறைந்திருக்கிறது என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய உயிலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. தன் பிறந்தநாளை ஆண்டுதோறும் கொண்டாட வேண்டும், மாதம்தோறும் இருபதாம் தேதி தன்னையும், தனக்கு முன்பே இறந்துபோன நண்பர் மெட்ரோடோரஸையும் நினைத்து எல்லோரும் கூட வேண்டும் என்று அதில் இருக்கிறது. மெட்ரோடோரஸின் மகனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மகளுக்கு வயது வந்ததும் வரதட்சணை கொடுத்துக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மரணம் நமக்கு ஒன்றுமே இல்லை என்று வாழ்நாள் முழுக்கப் போதித்தவருக்குச் செத்த பிறகு என்ன பிறந்தநாள் விழா என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ இதைக் கேலி செய்தார். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. 'நமக்கு' ஒன்றுமில்லை என்றுதான் அவர் சொன்னார். இருபதாம் தேதி கூட வேண்டியவர்கள் உயிரோடு இருப்பவர்கள், அந்தப் பெண்ணுக்கு இனிமேல்தான் கல்யாணம் ஆக வேண்டும்.